விலக்குப் பிடிக்கப் பழகுதல்

2000ஆம் ஆண்டு ஒக்டோபரில், வட இங்கிலாந்தில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் தமிழ் சொசைட்டிக்குப் பொருளாளர் ஆனேன். முந்தைய வருடத்துப் பொருளாளர் மூன்று பொருள்களைக் கையளித்தார். சில்லறை கிலுங்கும் ஒரு தகரப் பெட்டி. சாமான் அறையின் திறப்பு. நீல மட்டை போட்ட ஒரு கொப்பி. கொப்பியில் உறுப்பினர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் கட்டிய மூன்று பவுண். "கணக்குப் பிழைக்காமல் பாத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் தானா நடக்கும்" என்றார். மாணவர் யூனியன் அனுப்பிய படிவத்துக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது: மண்டபத்தில் தீப்பிடித்தால் எந்தக் கதவால் வெளியேறுவது.

இந்த இலையுதிர் காலத்தில், இன்னொரு நகரத்தில், அதே மாதிரிப் பொறுப்புகளுக்கு வந்த நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான் நின்றேன். இப்போது ஒரு மாணவர் யூனியனில் வேலை செய்கிறேன். ஹொக்கி அணியின் தலைவர், நாடகக் குழுவின் செயலாளர், செஸ் விளையாடுகிறவர்கள், இஸ்லாமிய மாணவர் அமைப்பின் தலைவி, தமிழ் சொசைட்டியின் தலைவியும் பொருளாளரும் என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் யூனியனில், இந்த மூன்று மணி நேர வகுப்பில் இருந்து முடித்தால்தான் ஓர் அமைப்புக்கு அந்த வருடத்துக் காசு கிடைக்கும். வகுப்புக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்த் தமிழில் இரண்டு சொல் போதும்: விலக்குப் பிடித்தல்.

சண்டைக்கு நடுவில் போய் இரண்டு பேரையும் பிரித்துவிடுவதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். விலக்குப் பிடிக்கப் போனவனுக்குத்தான் முதல் அடி விழும் என்று சொல்வதும் அதே ஊர்தான். நான் மாணவனாக இருந்தபோது இரண்டாவது பேச்சை மட்டும் கேட்டு வளர்ந்திருந்தேன். அடி வாங்காமல் விலக்குப் பிடிக்க வழிகள் உண்டு என்பதும், அவற்றைப் பழகலாம் என்பதும் அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லாத விஷயங்கள்.

அன்று: சலங்கைச் சத்தம்

நவம்பர் கடைசியில் எங்கள் கலைவிழா நடந்தது. பரதநாட்டியம், சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், ஒரு நகைச்சுவை நாடகம், மண்டபம் நிறைந்த பெற்றோர். பத்து மணிக்குப் பெற்றோர் எல்லோரும் காரேறிப் போன பிறகு, யூனியன் கட்டடத்தின் மாடியில் எங்களுக்கென்று ஒரு பார்ட்டி. கோட் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர் நின்றோம். எல்லோரும் கமிட்டிக்காரர்கள்.

அன்று மேடையில் ஆடிய முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கதவுப் பக்கமாக வந்தாள். சலங்கை போட்ட துணிப்பை தோளில் தொங்கியது. நன்றாகக் குடித்திருந்தாள், அல்லது குடிக்கக் கொடுத்திருந்தார்கள். கால் தரையில் நிற்கவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தவர் படிப்பை முடித்து இரண்டு வருடமான ஒரு பழைய மாணவர். மண்டபச் செலவில் பாதியை அவர்தான் தந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்று கூப்பிடுவோம்.

"வா, நான் கொண்டுபோய் விடுறன்."

"இல்லை அண்ணா, நான் அக்காக்களோட போறன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் எங்களைப் பார்த்தாள். நான் எனக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். ஒருத்தி சிரித்தாள், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத சிரிப்பு. யாரோ என்னிடம், "சவுண்ட் சிஸ்டத்துக்குக் கட்டின டிப்பொசிட் திரும்ப வந்திட்டுதா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். விலாவாரியாகச் சொன்னேன். அதற்குள் கதவு திறந்து மூடிவிட்டது. படியில் அவர்கள் இறங்க இறங்க, பைக்குள் கிடந்த சலங்கையின் சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எதுவும் நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தை மாதம் நூலகத்தில் என்னைத் தூரத்தில் கண்டவள், புத்தக அலுமாரிகளுக்கு இடையில் திரும்பி வேறு வழியால் போனாள். அந்தத் திரும்பல் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

சோலிக்குப் போகாதவர்கள்

பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று ரயில் மேடையில் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "படிக்கப் போறாய், படிப்போட நில். ஒருத்தற்ற சோலிக்கும் போகாத." அப்பா கோழை அல்லர். சோதனைச்சாவடி வரிசையில் முன்னால் நிற்கிறவனை இழுத்துக்கொண்டு போனால் பின்னால் நிற்கிறவன் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று போர் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. நிலத்தைப் பார்த்ததால்தான் அவர் உயிரோடு லண்டன் வந்து சேர்ந்தார். உயிரைக் காத்த பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவாரா? ஆனால் அந்த மாடியில் துவக்கோடு யாரும் நிற்கவில்லை என்பதை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதோடு 'அண்ணா' என்ற சொல்லும் இருந்தது. எங்கள் சொசைட்டிகளில் அது வெறும் மரியாதைச் சொல் அல்ல. புது ஊரில் தனியாக வந்து இறங்கும் பிள்ளைக்குக் குடும்பம் மாதிரி ஒன்றைத் தருகிற சொல். பசித்தால் அண்ணாமார் சமைத்துப் போடுவார்கள், காசு முடிந்தால் கடன் தருவார்கள். அதே சொல் கேள்வி கேட்க முடியாத உயரத்தில் ஒருவரை ஏற்றியும் வைக்கும். இங்கே எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இடையில் எங்காவது ஒரு தொடுப்பு இருக்கும். கோயிலில் காண்பார்கள், தமிழ்ப் பள்ளியில் காண்பார்கள். இன்றைக்கு ஒரு சொல் சொன்னால் நாளைக்கு அந்தப் பிள்ளையின் பெயர்தான் ஊர் வாயில் விழும் என்ற பயம், அவளைக் காப்பாற்றுகிற நினைப்பு என்ற வேடத்தில் எங்கள் வாயைக் கட்டியது.

இது தமிழருக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலேய மாணவர்களிடம் 'பான்ரர்' என்ற சொல் இருந்தது. யாரையும் எதையும் சொல்லிவிட்டு, சும்மா பகிடிக்குத்தானே என்று கடந்துபோக உதவிய சொல் அது. பல்கலைக்கழகங்களின் நிலையும் பெரிதாக வேறல்ல. 1994இல் பல்கலைக்கழகங்களுக்காக வந்த ஸெலிக் வழிகாட்டி, பாரதூரமான குற்றம் என்றால் அது காவல்துறையின் வேலை, அங்கே முறையிடாவிட்டால் பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கக் கூடாது என்ற போக்கில் எழுதப்பட்டிருந்தது. காவல்நிலையப் படியேற முடியாத ஒரு பிள்ளைக்கு இருபது வருடத்துக்கு மேலாக வேறு படி இருக்கவில்லை.

முப்பத்தெட்டுப் பேரின் கதை

சுற்றி நின்றவர்களைப் பற்றி நாங்கள் அன்று அறிந்திருந்ததெல்லாம் ஒரு பழைய கதைதான். 1964 மார்ச் 13 அதிகாலை, நியூயோர்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் கிற்றி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயோர்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது: அக்கம்பக்கத்தில் முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் உதவவில்லை. நகரத்து மனிதனின் கல் நெஞ்சுக்கு உதாரணமாக அந்தக் கதை உலகம் முழுக்கப் போனது.

அதைப் படித்த பிப் லட்டானே, ஜோன் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் நெஞ்சைக் குறை சொல்லாமல் சூழ்நிலையைச் சோதித்தார்கள். 1968இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓர் அறையில் இருப்பவர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவர்த் துளை வழியாகப் புகை வரும். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். ஆய்வாளர்களே ஏற்பாடு செய்த இரண்டு பேர் புகையைக் கண்டுகொள்ளாமல் பக்கத்தில் இருந்தபோது, நூற்றுக்கு 10 பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் புகையைக் கையால் விசிறிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்கள். மற்றவனுக்குப் பதற்றம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று முகத்தைப் பார்த்து முகம் முடிவு கட்டுகிறது. இதை வாசித்த அன்று எனக்குக் கோட் மாட்டும் இடம் நினைவுக்கு வந்தது. ஆறு பேரும் ஆறு பேருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

அந்தக் கதையும் இன்று அப்படியே இல்லை. 2007இல் மூன்று பிரித்தானிய ஆய்வாளர்கள் வழக்கின் ஆவணங்களைத் தேடிப் படித்து, முப்பத்தெட்டுப் பேர் ஜன்னலில் நின்று பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். 2016இல் கொலையாளி சிறையில் இறந்தபோது, தன் பழைய செய்தி பிழையானது என்று நியூயோர்க் டைம்ஸே ஒப்புக்கொண்டது. சத்தம் கேட்டுப் படியிறங்கி ஓடிய சோபியா ஃபரார் என்ற பக்கத்து வீட்டுப் பெண், கிற்றியைத் தன் கைகளில் தாங்கியபடி இருந்தார். ஓடிப் போன ஒருத்தியை விட்டுவிட்டு, ஓடாதவர்களின் எண்ணிக்கையை மட்டும் உலகம் ஐம்பது வருடம் மனப்பாடம் செய்தது.

இன்னொன்றையும் வகுப்பில் நான் தவறாமல் சொல்கிறேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இங்கிலாந்தின் லான்கஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களின் கண்காணிப்புக் கமெராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில், அதாவது 91 வீதமானவற்றில், நின்றவர்களில் ஒருவராவது குறுக்கே போயிருந்தார். ஆட்கள் கூடக் கூட யாராவது போகும் வாய்ப்பும் கூடியது. மனிதர் விலக்குப் பிடிக்கத்தான் செய்கிறார்கள். நடுத்தெருச் சண்டை எல்லோருக்கும் சண்டையாகத் தெரிகிறது. பிடித்த மணிக்கட்டும் சிரித்த முகமுமாக வருகிற ஆபத்து அப்படித் தெரிவதில்லை. வகுப்பு தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

காற்று மாறிய வருடங்கள்

பிரித்தானியாவில் மாற்றம் மாணவர்களிடமிருந்துதான் தொடங்கியது. 2010இல் தேசிய மாணவர் ஒன்றியம் 2,058 பெண் மாணவரைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. படிக்கிற காலத்தில் ஏழு பேரில் ஒருவர் பாரதூரமான உடல் தாக்குதலுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளாகியிருந்தார். 68 வீதமானோர் பல்கலைக்கழகச் சூழலிலேயே ஏதாவது ஒரு தொல்லையை அனுபவித்திருந்தார்கள். அந்த எண்களுக்குப் பிறகு இது ஒரு சில கெட்டவர்களின் விஷயம் என்று தள்ளிவிட முடியவில்லை.

2014இல் பிரிஸ்டலில் உள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில், பொதுச் சுகாதாரத் துறையின் பணத்தோடு, பக்கத்தில் நிற்பவர்களைக் குறுக்கிடப் பழக்கும் எட்டு வகுப்புகள் கொண்ட ஒரு பாடத்திட்டம் தயாரானது. எந்தப் பல்கலைக்கழகமும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டார்கள். 2016 ஒக்டோபரில் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஸெலிக் வழிகாட்டியை விட்டுவிட்டுப் புதிய பாதை போட்டது. பக்கத்தில் நிற்பவருக்கான பயிற்சியையும் அது பரிந்துரைத்தது.

அதே வருடம் டிசம்பரில் நியூகாசிலில் ஓர் இருபது வயது மாணவர் இறந்தார். விவசாயச் சங்கம் என்ற மாணவர் அமைப்பு, புதியவர்களைச் சேர்க்கும் சடங்காக நடத்திய குடிக்குப் பிறகு நடந்த சாவு. இரத்தத்தில் மதுவின் அளவு, வாகனம் ஓட்டச் சட்டம் விடும் அளவின் ஐந்து மடங்கு. அப்படியான நிகழ்ச்சிகளுக்குப் பல்கலைக்கழகத்தில் தடை இருந்தது. கூட இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். படுத்து எழும்பினால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள், அவ்வளவுதான். அந்த நம்பிக்கை ஓர் உயிரைக் கொண்டுபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது எங்கள் வகுப்பில் அரை மணி நேரம் அதற்கென்றே இருக்கிறது: தட்டினால் எழும்பாத ஆளை எப்படிச் சரித்துப் படுக்க வைப்பது, எப்போது அம்புலன்சைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் யூனியனில் யாரும் ஏசமாட்டார்கள் என்பது.

2025 ஓகஸ்ட் 1 முதல் இங்கிலாந்தில் இது விருப்பத்துக்கு விடப்பட்ட காரியம் அல்ல. உயர்கல்வியை மேற்பார்க்கும் மாணவர் அலுவலகத்தின் புதிய விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. தொல்லையைத் தடுக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவருக்குப் பயிற்சி தர வேண்டும். தொல்லையைக் கண்ணால் காணக்கூடியவர்களுக்கான பயிற்சியும் அதற்குள் அடங்கும். நடந்ததைப் பேசாதே என்று முறையிட்டவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்குகிற வழக்கத்துக்கும் தடை வந்துவிட்டது.

ஏன் தலைவர்களுக்கு?

எல்லா மாணவருக்கும் சொல்ல வேண்டியதுதான். ஆனால் முதலில் தலைவர்களைப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1993இல் பொஸ்டனின் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜாக்சன் காட்ஸ் இப்படியான முதல் திட்டங்களில் ஒன்றைத் தொடங்கியபோது, விளையாட்டு வீரர்களிடம்தான் போனார். மற்றவர்கள் யாருடைய முகத்தைப் பார்த்து நடக்கிறார்களோ, அவர்களுடைய முகம் மாறினால் அறையின் காற்றே மாறும் என்பது அவருடைய கணக்கு.

சொசைட்டித் தலைவரின் கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். அறையின் திறப்பு, ஒலிவாங்கி, விருந்தினர் பட்டியல், வட்ஸ்அப் குழுவில் ஆளை நீக்கும் உரிமை. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த ஊரில் தெரிந்த முதல் மனிதரும் பெரும்பாலும் அவர்தான். பகிடிக்கு அவர் சிரிக்காமல் இருந்தால் போதும், பகிடி பாதியில் நின்றுவிடும். 2000இல் எனக்கும் அந்த அதிகாரம் இருந்தது. எனக்குத் தெரிந்தது தகரப் பெட்டி மட்டும்.

இன்று: வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல்

வகுப்பில் ஐந்து வழிகளைப் பழக்குகிறோம். அமெரிக்காவில் உருவாகி, தெருவில் பெண்களுக்கு நடக்கும் தொல்லைக்கு எதிராக வேலை செய்தவர்களின் கையில் விரிந்து இங்கே வந்து சேர்ந்த வழிகள் அவை. நேரே சொல்வது. கவனத்தைத் திருப்புவது. பொறுப்பானவரைக் கூட்டிவருவது. அப்போது முடியாவிட்டால் பிறகு போய் விசாரிப்பது. நடந்ததைக் குறித்துவைத்து, பாதிக்கப்பட்டவர் கையிலேயே கொடுப்பது. ஐந்தில் ஒன்றுதான் முகத்துக்கு நேரே நிற்கிறது. மற்ற நான்குக்கும் குரலைக்கூட உயர்த்த வேண்டியதில்லை. உனக்கு ஆபத்து என்றால் போகாதே, ஆளைக் கூப்பிடு என்பது வகுப்பின் முதல் வாக்கியம்.

கேட்பதால் இது வராது, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். ஒரு காட்சியை எடுத்துப் போடுவோம். பார்ட்டி முடிகிற நேரம், பழைய மாணவர் ஒருவர், தள்ளாடுகிற ஒரு பிள்ளை, கதவு. எந்த வருடம் இதைச் சொன்னாலும் என் கை சில்லிட்டுப் போகும். காட்சியைக் கேட்டதும் தமிழ் சொசைட்டியின் தலைவி கையை உயர்த்தினாள். இலண்டன் ஹாரோவில் பிறந்து வளர்ந்தவள். தன் தயக்கத்தை வகுப்புக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு இடைவேளையில் அதையே என்னிடம் தமிழில் கேட்டாள்.

"அங்கிள், அவையள நாங்கள் அண்ணா எண்டு கூப்பிடுறனாங்கள். முகத்துக்கு நேர 'விடுங்கோ' எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்ல வேண்டாம்" என்றேன். "வேற என்ன சொல்லலாம்?"

அவளும் பொருளாளரான பையனும் யோசித்தார்கள். பிறகு அவள் சொன்னாள்: "அண்ணா, உங்கட கார் வழியை மறிச்சு நிக்குதாம், கீழ உங்களைக் கூப்பிடுகினம்." பையன் சேர்த்தான்: "அவர் அந்தப் பக்கம் திரும்ப, நீ பிள்ளையின்ர கையைப் பிடி. 'இஞ்ச வா, குரூப் போட்டோ எடுக்கோணும்' எண்டு கூட்டிக்கொண்டு போ. நான் போய் பார்க்காரரிட்டச் சொல்லுறன்."

அண்ணா என்ற சொல்லை அவர்கள் விடவில்லை. மரியாதையும் குறையவில்லை. ஆனால் மணிக்கட்டு விடுபட்டுவிட்டது. எழுந்து நின்று மூன்று முறை சொல்லிப் பார்க்கச் சொன்னேன். முதல் முறை அவளுடைய குரல் தொண்டைக்குள்ளேயே நின்றது. இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை உண்மையாகவே கீழே ஒரு கார் நிற்கிற மாதிரி இருந்தது. நெருக்கடி வரும்போது மனதுக்குச் சொல் தேட நேரம் கிடைக்காது. வாய்க்குப் பழகிய சொல்தான் வரும். இருபத்தைந்து வருடத்துக்கு முன் என் வாய்க்குப் பழகியிருந்தது டிப்பொசிட் கணக்கு.

மாறாதவை

ஒரு மூன்று மணி நேர வகுப்பால் உலகம் திருந்திவிட்டது என்று எழுதினால் அது பொய். 2025இல் மாணவர் அலுவலகம் வெளியிட்ட கருத்தாய்வில், பதில் சொன்ன இறுதியாண்டு மாணவரில் 24.5 வீதமானோர் படிக்க வந்த பிறகு பாலியல் தொல்லையையும், 14.1 வீதமானோர் பாலியல் தாக்குதலையோ வன்முறையையோ அனுபவித்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் ஒரு மதிப்பீடு, பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதலாகக் குறுக்கே போகிறார்கள் என்று கண்டது. ஆனால் தீங்கு செய்வதை இந்தப் பயிற்சி குறைக்கிறது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. கற்றது நாளாக நாளாகத் தேய்ந்தும் போகிறது. அதனால் எங்கள் யூனியனில் தை மாதத்தில் இரண்டாவது தடவையும் கூப்பிடுகிறோம்.

குறுக்கே போவதன் விலையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. இரவு விடுதி வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பையன் நடுவில் புகுந்தால் சமாதானம் செய்ய வந்தவனாகத் தெரிவான். கறுத்த தோலுள்ள பையன் புகுந்தால் சண்டைக்கு வந்தவனாகக் காவலாளிக்குத் தெரியலாம். இஸ்லாமிய அமைப்பின் தலைவி இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொன்னாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, ஹொக்கி அணியின் தலைவர் சொன்னார்: "அப்படியென்றால் நீ என்னைக் கூப்பிடு. நான் போகிறேன்." ஐந்து வழிகளில் மூன்றாவது அதுதான். அதை நான் படம் போட்டு விளக்கியதைவிட அந்த ஒரு வாக்கியம் நன்றாக விளக்கியது.

தீங்கு செய்கிறவரே கமிட்டியில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது. வகுப்பு ஒரு கதவுதான். அதற்குப் பின்னால் முறைப்பாட்டை நேர்மையாக விசாரிக்கிற அலுவலகம் இல்லையென்றால், பிள்ளைகளைத் துணிந்து நில்லுங்கள் என்று சொல்லுகிற உரிமை எங்களுக்கு இல்லை.

நீ போவாய் என்று பார்த்தேன்

போன வருடம் ரொறன்ரோவில் இருக்கிற நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்று தரையைப் பார்த்தவன் அவன்தான். நாங்கள் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம், அந்த இரவைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நான் தொடங்கியதும் அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. சலங்கை என்ற சொல்லை அவன்தான் முதலில் சொன்னான்.

"மச்சான், நீதானே கமிட்டியில பெரிய ஆள். நீ போவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"நீ அவளோட ஒரே டிப்பார்ட்மென்ட். நீ போவாய் எண்டு நான் பாத்தனான்."

இரண்டு பக்கத்திலும் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. ஆறு பேரும் அப்படித்தான் நின்றிருக்கிறோம். ஒருவருக்கும் அது சரி என்று படவில்லை. ஆறு மனங்களும் ஒரே மாதிரித் துடித்தன. ஆறு முகங்களும் ஒன்றுமில்லை என்று ஒன்றையொன்று ஏமாற்றின. இத்தனை வருடமாக எங்களுக்குத் துணிவு இல்லை என்று நான் நினைத்திருந்தேன். துணிவு குறைவுதான். ஆனால் அதைவிட, முதலில் அசைய வேண்டியவர் யார் என்பதும், அசைந்து என்ன சொல்வது என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த இரண்டையும் சொல்லிக் கொடுக்கலாம். அன்றைக்கே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

நீல மட்டைக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. 2001 ஒக்டோபரில் யார் யார் மறுபடி காசு கட்டினார்கள் என்று பார்த்து, கட்டாதவர்களின் பெயருக்கு எதிரே நான் ஒரே சொல்லை எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். அவளுடைய பெயருக்கு எதிரேயும் அதே எழுத்து, அதே மை: 'புதுப்பிக்கவில்லை'. கணக்குப் பிழைக்கவில்லை.

இந்த வருடத்து வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில், அந்தச் சொல்லைத் தலைவர்களிடம் சொன்னேன். உங்கள் பட்டியலைப் பாருங்கள், ஒருத்தி இரண்டு தடவை வராவிட்டால் ஏன் என்று கேளுங்கள், எதுவும் நடந்திருக்காது, ஆனாலும் கேளுங்கள் என்றேன்.

மூன்று வாரம் கழித்துத் தமிழ் சொசைட்டியின் பொருளாளர் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க என் மேசைக்கு வந்தான். தகரப் பெட்டி இப்போது கிடையாது, எல்லாம் கைத்தொலைபேசியில். உறுப்பினர் பட்டியலைத் திறந்து காட்டினான். பெயர், தொகை, திகதி. அவற்றுக்குப் பக்கத்தில் யாரும் சொல்லாமலே அவன் புதிதாக ஒரு நிரலைச் சேர்த்திருந்தான். அதன் தலைப்பு: 'கதைச்சாச்சா?'

வராமல் போன மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டுக்கு எதிரே சரி போட்டிருந்தது. மூன்றாவது வெறுமையாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அவன் நடைபாதைக்குப் போய், அந்த இலக்கத்தை அழைத்துக்கொண்டு நின்றான்.